ஊசி மருந்து கலக்கும் அறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கல்லூரியிலிருந்தோ மருந்துக் கடை கவுன்ட்டரிலிருந்தோ நேராக மருத்துவமனையின் ஸ்டெரைல் (கிருமியற்ற) அறைக்கு வேலைக்கு வரும் பார்மசிஸ்டுகளுக்காக இதை எழுதுகிறேன். கீமோ மருந்தை நோயாளியின் அளவுக்கு ஏற்பச் சலைனில் சேர்ப்பது, குறைமாதக் குழந்தைக்கு டி.பி.என். பை (ரத்தக்குழாய் வழியாகவே முழு ஊட்டமும் தரும் திரவம்) தயாரிப்பது, கருவிழிப் புண்ணுக்கு வான்கோமைசின் வயலை (ரப்பர் மூடிய மருந்துக் குப்பி) கரைத்துச் செறிவான சொட்டு மருந்து செய்வது, ஒரு பெவாசிசுமாப் வயலைக் கண்ணுக்குள் போடும் சின்னச் சிரிஞ்சுகளாகப் பிரிப்பது, இவைதான் அங்கே அன்றாட வேலை. பார்த்தால் எளிதுதான். வயலிலிருந்து எடு, பையில் செலுத்து, லேபிள் ஒட்டு.

மாத்திரையில் கொஞ்சம் கிருமி இருந்தால் வயிற்று அமிலமும் குடலும் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஊசி மருந்துக்கு அந்தக் காவல் கிடையாது. நேராக ரத்தத்துக்கோ, கண்ணுக்குள்ளோ, தண்டுவட நீருக்கோ போகிறது. ஒரு மில்லி லிட்டரில் பத்து லட்சத்தை ஒட்டி பாக்டீரியா இருந்தாலும் திரவம் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கக்கூடும். 'பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது' என்பது இங்கே ஒரு பதிலே அல்ல.

அப்படியென்றால் லேபில் கொடுத்துச் சோதித்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். தயாரித்த குப்பிகளில் நூற்றுக்கு ஒன்று கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 20 குப்பிகளை எடுத்துச் சோதித்தாலும், 20-ம் நல்லவையாகவே அமைந்து 'ஸ்டெரைல்' என்று அறிக்கை வர சுமார் 82 சதவீத வாய்ப்பு இருக்கிறது. போதாததற்கு அந்தச் சோதனைக்கு 14 நாள் ஆகும். கீமோ பை அரை மணியில் வார்டுக்குப் போக வேண்டும். ஆகவே மருந்தைச் சோதித்து அதன் தூய்மையை நிரூபிக்க முடியாது. செய்த கையும், செய்த காற்றும், எழுதிவைத்த தாளும்தான் சான்று. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதிலிருந்து வருவதுதான்.

இதற்கு மிகக் கசப்பான பாடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஃபிரேமிங்ஹாமில் நடந்தது. நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்ற நிறுவனம், முதுகுவலிக்குத் தண்டுவடத்தை ஒட்டிப் போடும் மெத்தில்பிரெட்னிசோலோன் ஊசியைப் பதப்பொருள் சேர்க்காமல் தயாரித்து விற்றது. 2012-ல் மூன்று பேட்ச்களில் பூஞ்சை. சுமார் 14,000 பேருக்கு அந்த ஊசி போடப்பட்டிருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 20 மாநிலங்களில் 753 பேருக்கு நோய், 64 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான குப்பிகளிலிருந்து ஒரு சிலதான் சோதனைக்குப் போயிருந்தன, அறிக்கையும் 'ஸ்டெரைல்' என்றே வந்திருந்தது. பிறகு எஃப்.டி.ஏ. (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒரு பேட்சில் 50 குப்பிகளைச் சோதித்தபோது 50-லும் கிருமி வளர்ந்தது. ஆய்வாளர்கள் குறித்த குறைகளில் ஒன்று, கிளீன் ரூமின் (வடிகட்டிய காற்று ஓடும் கலக்கும் அறை) ஏ.சி.யை இரவில் அணைத்துவைத்தது.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2023-ல் சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்ற கண் சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்று 18 மாநிலங்களில் 81 பேருக்கு வந்தது. நான்கு பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது. அது தொழிற்சாலை, உங்கள் இடம் மருத்துவமனை. ஆனாலும் எஃப்.டி.ஏ. ஆய்வாளர்கள் அங்கே எழுதிய முதன்மைக் குறை, தயாரிப்பு முறை தூய்மைக்கு உறுதி தரவில்லை என்பதுதான்.

விதிப்புத்தகம் எது? நம் ஊர் மருந்து விதிகளின் ஷெட்யூல் எம், தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதியது. மருத்துவமனைக்குள் கலக்கும் வேலைக்கு இங்கே பல பெரிய மருத்துவமனைகளும், நம் ஆட்கள் நிறையப் பேர் வேலை பார்க்கும் வளைகுடா மருத்துவமனைகளும் அமெரிக்க பார்மகோபியாவின் (மருந்துத் தர நூல்) 797-ஆம் அத்தியாயத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அதன் புதிய வடிவம் 2023 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. கீமோ போன்ற அபாயகரமான மருந்துகளுக்கு 800-ஆம் அத்தியாயம். நான் தரும் எண்கள் இவற்றிலிருந்தே. உங்கள் மருத்துவமனையின் எழுத்து விதி இன்னும் கடுமையாக இருந்தால் அதுதான் உங்களுக்குச் சட்டம்.

முதலில், கலக்கத்தான் வேண்டுமா?

அதே மருந்து அதே அளவில் கம்பெனியிலிருந்து தயாராக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதையே வாங்கச் சொல்லுங்கள். கலக்காத மருந்தில் கலப்புத் தவறு நேராது.

கலக்கத்தான் வேண்டுமென்றால் மருந்துச் சீட்டை உட்கார்ந்து படியுங்கள். நோயாளியின் எடை, உடல் பரப்பு, டோஸ், எந்தத் திரவத்தில், எவ்வளவு அளவில், எந்த வழியில். திரவத்தில் தவறு வருவது சாதாரணம். ஆம்போடெரிசின் பி சலைனில் திரிந்துவிடும், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் போட வேண்டும். ஆக்சாலிபிளாட்டினுக்கும் அப்படியே. ஃபெனிட்டோயின் நேர்மாறு, டெக்ஸ்ட்ரோஸில் படிந்துவிடும். பச்சைக் குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோனும் கால்சியம் உள்ள திரவமும் சேரவே கூடாது. பாக்லிடாக்செலுக்குச் சாதாரண பி.வி.சி. பை ஆகாது. இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருப்பதாகப் பெருமைப்படுகிறவரைவிட, ஒவ்வொரு முறையும் அட்டவணையைத் திறந்து பார்க்கிறவரையே நான் நம்புவேன்.

உங்கள் உடம்பு

கிளீன் ரூமுக்குள் வரும் மிகப் பெரிய அழுக்கு மனிதன்தான். தோல் செதில், முடி, எச்சில் எல்லாம் நம்மோடுதான் உள்ளே வருகின்றன. இருமல், சளி, கண் நோய், ஆறாத புண், உரியும் தோல் இருந்தால் அன்று உள்ளே போகக் கூடாது. மேலாளரிடம் சொல்லத் தயங்காதீர்கள். ஆள் பற்றாக்குறை என்று முகம் சுளிப்பார்தான், சுளிக்கட்டும்.

மோதிரம், வளையல், கடிகாரம், கம்மல், மூக்குத்தி கழற்ற வேண்டும். நகப்பூச்சும் ஒட்டு நகமும் கூடாது. பவுடர், மை, பொட்டு, விபூதி, தலையில் பூ, எதுவும் வேண்டாம். தாலிச் சங்கிலியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். விதி பேசுவது கை, மணிக்கட்டு, வெளியே தெரியும் நகை பற்றி. ஆடைக்குள் அடங்கி, கவுனுக்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் பொதுவாகச் சிக்கலில்லை. உண்மையான சிக்கல் மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு. எப்போதும் ஈரமாகவே இருக்கும், எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது. அதைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே.

உடுப்பு மாட்டும் வரிசை ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் மாறும். பொதுவாக ஷூ கவர், தலை உறை, மாஸ்க், அப்புறம் நகத்தடி சுத்தம் செய்து முழங்கை வரை குறைந்தது 30 விநாடி சோப்புக் கழுவல், கவுன், கடைசியில் ஸ்டெரைல் கிளவுஸ். கிளவுஸ் கவுனின் கைநுனிக்கு மேலே ஏறி இருக்க வேண்டும். அதன்மேல் ஸ்டெரைலான 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். தடவியதும் காயவிடுங்கள். காயும் நேரத்தில்தான் அது கொல்கிறது. ஈரமாக இருக்கும்போதே வேலையைத் தொடங்குவது அவசரக்காரர்களின் நிரந்தரப் பழக்கம்.

மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிடும் ஆட்களுக்கு மயாமியில் 2011-ல் நடந்ததைச் சொல்லுங்கள். பெவாசிசுமாபைச் சிரிஞ்சுகளாகப் பிரித்த ஒரே பார்மசியிலிருந்து வந்த ஊசியால் 12 பேருக்குக் கண்ணுக்குள் தொற்று. கிடைத்த கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிடிஸ் வகை. மனித வாயில் வசிப்பது அது.

அறையைப் படிப்பது

உள்ளே நுழையும் முன் சுவரிலிருக்கும் அழுத்த மானியைப் பாருங்கள். மருந்து கலக்கும் அறையின் காற்றழுத்தம் முன் அறையைவிடக் குறைந்தது 0.020 அங்குல நீர் அளவு, அதாவது சுமார் 5 பாஸ்கல், கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு திறந்தால் காற்று வெளியே போகும், அழுக்கு உள்ளே வராது. கீமோ அறையில் மட்டும் இது தலைகீழ். அங்கே அறை எதிர்மறை அழுத்தத்தில் இருக்கும், மருந்துத் துகள் வெளியே போய் மற்றவர்களைத் தாக்கக் கூடாது என்பதற்காக.

வெப்பம் 20 டிகிரி அல்லது அதற்குக் கீழே, ஈரப்பதம் 60 சதவீதம் அல்லது அதற்குக் கீழே. கடற்கரை ஊர்களில் இந்த ஈரப்பதக் கணக்கு சும்மா எழுதும் எண் அல்ல. ஏ.சி. கொஞ்சம் திணறினாலும் கூரை மூலையில் பூஞ்சை பிடிக்கும். அட்டைப் பெட்டியைக் கிளீன் ரூமுக்குள் கொண்டுவரவே கூடாது, அது நாரும் பூஞ்சை வித்தும் உதிர்க்கும். வெளியிலேயே பிரித்து, வயல்களைத் துடைத்து உள்ளே அனுப்புங்கள்.

கரன்ட் போனால்? ஜெனரேட்டர் வருவதற்குள் ஹூட் (வடிகட்டிய காற்று வீசும் வேலைப் பெட்டி) விசிறி நின்றிருந்தால், பாதியில் இருக்கும் மருந்தை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். திறந்தவற்றை ஒதுக்குங்கள். கரன்ட் வந்ததும் ஹூட்டை முழுதாகத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன நேரம் ஓடவிட்டு, அப்புறம் புதிதாகத் தொடங்குங்கள். கரன்ட் போன நேரம், வந்த நேரம், எறிந்த மருந்து மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

ஆல்கஹால் பாக்டீரியாவைக் கொல்லும், அதன் வித்துகளைக் கொல்லாது. அதனால்தான் வித்துகளையும் அழிக்கும் மருந்தை, பெராசெட்டிக் அமிலம் கலந்தது போன்றதை, குறித்த இடைவெளியில் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. தினமும் ஆல்கஹால் துடைத்துவிட்டுச் சுத்தம் என்று திருப்திப்படும் அறைகளில் வித்து உண்டாக்கும் பேசில்லஸ் பாக்டீரியா வந்து குடியேறும்.

ஹூட்டுக்குள் கை

ஹெப்பா பில்டர் 0.3 மைக்ரான் துகளை 99.97 சதவீதம் பிடிக்கும். அதிலிருந்து வரும் காற்று ஐ.எஸ்.ஓ. 5 தரம் (காற்றுத் தூய்மையின் வரிசை, எண் குறைந்தால் தூய்மை கூடும்), ஒரு கன மீட்டரில் 0.5 மைக்ரானோ அதற்கு மேலோ உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டாது. பில்டரிலிருந்து புறப்பட்டு இன்னும் எதையும் தொடாத அந்தக் காற்று, ஊசி முனையையும் வயல் ரப்பரையும் சிரிஞ்சின் நுனியையும் நேராகக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடும் ஆற்றில் குடத்தை முக்கும்போது கால் வைத்துக் கலக்கிய இடத்துக்குக் கீழே யாரும் மொள்ள மாட்டார்கள் அல்லவா, அதே புத்திதான். பில்டருக்கும் ஊசிக்கும் நடுவே உங்கள் கை வந்தால், கையைத் தொட்ட காற்று ஊசியில் படும். காற்று கிடைமட்டமாக வரும் ஹூட்டில் கை பக்கவாட்டில் இருக்கட்டும். மேலிருந்து கீழே வரும் ஹூட்டில் திறந்த வயலின் மேலே கையை நீட்டாதீர்கள். விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே வேலை செய்யுங்கள். பாட்டில்களை நெருக்கி அடுக்காதீர்கள்.

வயல் ரப்பரை ஒவ்வொரு முறையும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஃபிளிப் மூடியைக் கழற்றியதும் ரப்பர் ஸ்டெரைல் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, அது தவறு. ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க, 45 டிகிரியில் வைத்து, நுழையும்போதே நிமிர்த்துங்கள். இல்லாவிட்டால் ரப்பர் துணுக்கு வெட்டுப்பட்டு மருந்துக்குள் விழும். ஆம்பூலில் (உடைத்துத் திறக்கும் கண்ணாடிக் குப்பி) கண்ணாடித் தூள் வரும், 5 மைக்ரான் பில்டர் ஊசியால் எடுத்து, ஊசியை மாற்றிய பிறகே பையில் செலுத்துங்கள்.

கீமோவில் இரண்டு ஜோடி கிளவுஸ், பின்பக்கம் கட்டும் கவுன், உயிர்ப் பாதுகாப்புக் கேபினட் (மருந்துத் துகள் ஆளை நோக்கி வராத ஹூட்). வயலுக்குள் அதிகக் காற்றைத் தள்ளினால் மருந்து பீறிட்டு வெளியே வரும். எடுக்கப் போகும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே காற்றைச் செலுத்துங்கள். கர்ப்பிணியோ, கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவரோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்று வேலை கேட்பது உங்கள் உரிமை.

கணக்கும் இரண்டாவது கண்ணும்

கிருமியால் சாவதைப் போலவே தவறான அளவாலும் சாகிறார்கள். 2006-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இரண்டு வயதுக் குழந்தையின் கீமோவை 0.9 சதவீத சலைனில் கலப்பதற்குப் பதில் 23.4 சதவீத உப்புக் கரைசலில் கலந்துவிட்டார்கள். குழந்தை இறந்தது. கலந்தவர் டெக்னீஷியன், சரிபார்த்துக் கையெழுத்திட்ட பார்மசிஸ்ட் சிறைக்குப் போனார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. செறிவான உப்பு, பொட்டாசியம் குளோரைடு இரண்டும் தனி அலமாரியில், தனி நிற லேபிளோடு இருக்கட்டும். சரிபார்ப்பு என்பது மருந்து பைக்குள் போவதற்கு முன்பு நடக்க வேண்டும். போட்டு முடித்தபின் காலிச் சிரிஞ்சை அந்த அளவுக்கு இழுத்துக் காட்டி 'இவ்வளவுதான் போட்டேன்' என்று சொல்வது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அதை ஏற்காதீர்கள். நிரப்பிய சிரிஞ்சு, வயல், மருந்து சேர்க்கப்போகும் திரவப் பை மூன்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டாவது ஆள் தானாகக் கணக்குப் போட வேண்டும், உங்கள் கணக்கைப் பார்த்துத் தலையாட்டக் கூடாது. பச்சைக் குழந்தைகளுக்கு ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு.

வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து தண்டுவடத்துக்குள் போனால் அநேகமாக மரணம்தான். அதைச் சிரிஞ்சில் அனுப்பாதீர்கள், சின்னப் பையில் நீர்த்து அனுப்புங்கள். பையைத் தண்டுவட ஊசியில் மாட்டத் தோன்றாது. உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது.

டி.பி.என்.

இது தனிக் கட்டுரைக்கான விஷயம். இரண்டு செய்தி மட்டும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் சுண்ணாம்புப் படிகம் உண்டாகி நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும். 1994-ல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டதே இப்படி இறந்தவர்களால்தான். பாஸ்பேட்டை முதலில் போட்டு நன்றாகக் கலக்கி, கால்சியத்தைக் கடைசிப் பக்கம் சேருங்கள். கொழுப்பைச் சேர்க்குமுன் பையை வெளிச்சத்தில் பாருங்கள். பால் போல வெளுத்தபின் படிகம் தெரியாது.

இரண்டாவது அலபாமா, 2011. ஸ்டெரைல் அல்லாத அமினோ அமிலப் பொடியைக் கரைத்து, வடிகட்டி டி.பி.என். செய்தார்கள். ஆறு மருத்துவமனைகளில் 19 பேருக்கு செராஷியா என்ற பாக்டீரியாத் தொற்று, ஒன்பது பேர் இறந்தார்கள். அதே கிருமி அந்தப் பார்மசியின் தண்ணீர்க் குழாயிலும் கலக்கும் பாத்திரத்திலும் கிடைத்தது. 0.22 மைக்ரான் பில்டர் மந்திரம் இல்லை. ஒவ்வொரு முறை வடிகட்டிய பின்னும் குமிழி அழுத்தச் சோதனை செய்து, பில்டர் கிழியவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். செத்த பாக்டீரியா விட்டுப்போகும் எண்டோடாக்சின் என்ற நச்சை அது பிடிக்காது. ஃபிரேமிங்ஹாம் மருந்தைப் போன்ற தொங்கல் திரவத்தை (கரையாத துகள் மிதக்கும் மருந்து) அதில் வடிகட்டவே முடியாது. பொடியிலிருந்து தொடங்கும் வேலையைப் புதியவர்கள் தொடவே வேண்டாம்.

கெடு நேரம்

கலந்த மருந்தை எவ்வளவு நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதை அறையில் பி.யூ.டி. (பியாண்ட் யூஸ் டேட்) என்பார்கள். கம்பெனியின் எக்ஸ்பைரி தேதியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கிளீன் ரூம் இல்லாமல், ஒதுக்கிய இடத்தில் ஹூட் வைத்துக் கலந்தால் அறை வெப்பத்தில் 12 மணி நேரம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம். முறையான கிளீன் ரூமில், எல்லாம் ஸ்டெரைலான பொருள்களிலிருந்து, ஸ்டெரிலிட்டி சோதனை இல்லாமல் கலந்தால் 4 நாள், ஃபிரிட்ஜில் 10 நாள். இவை கிருமிக்கான உச்ச வரம்பு மட்டும். மருந்தே அதற்குள் சிதைந்துவிடும் என்றால் சிறிய எண்தான் செல்லும். நரம்பில் போடும் அசாசிட்டிடினைக் கரைத்த ஒரு மணிக்குள் ஏற்றி முடிக்க வேண்டும், பத்து நாள் கணக்கு அங்கே வேலைக்காகாது. ஒற்றை டோஸ் வயலை ஹூட்டுக்குள் குத்தினால் 12 மணி நேரம் வரை, பல டோஸ் வயல் பொதுவாக 28 நாள், திறந்த ஆம்பூல் அப்போதே குப்பைக்கு.

உங்களைச் சோதிப்பார்கள்

தனியாகக் கலக்க அனுமதிக்கும் முன் கிளவுஸ் விரல் நுனிகளை அகார் தட்டில் (கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டு) பதிக்கச் சொல்வார்கள். உடுப்பு மாட்டிய உடனே, மூன்று தனித்தனி முறை, ஒரு காலனிகூட (கிருமித் திட்டு) வளரக் கூடாது. அப்புறம் மீடியா ஃபில். மருந்துக்குப் பதில் சோயா-கேசின் குழம்பை வைத்து முழு வேலையையும் செய்து, 14 நாள் இன்குபேட்டரில் வைப்பார்கள். கலங்கினால் தோல்வி. இதைக் காலையில், அமைதியான நேரத்தில், இரண்டே வயலை வைத்துச் செய்தால் ஏமாற்று வேலை. உங்கள் அறையின் மிகக் கடினமான தயாரிப்பைப் போல, அலுத்துப்போன ஷிப்ட் முடிவில் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

காற்று மாதிரி ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது. ஐ.எஸ்.ஓ. 5-ல் ஒரு கன மீட்டருக்கு 1 காலனிக்கு மேல் போனால் நடவடிக்கை, ஐ.எஸ்.ஓ. 7-ல் 10-க்கு மேல், 8-ல் 100-க்கு மேல். பரப்பு மாதிரி மாதா மாதம். எப்போதும் பூஜ்யம் காட்டும் கோப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மாதிரி எடுக்கும் ஆள், இடம், நேரம் மூன்றையும் மாற்றிப் பாருங்கள்.

தவறு தெரிந்த பிறகு

கலங்கிய பை, வார்டிலிருந்து வரும் 'ஊசி போட்டதும் குளிர் நடுக்கம்' என்ற போன், தோற்ற காற்று மாதிரி, எது வந்தாலும் முதல் வேலை மிச்சத்தை ஒதுக்கிப் பூட்டுவது. எறியாதீர்கள், அதுதான் சாட்சி. அடுத்து, அதே வயல், அதே பேட்ச், அதே ஷிப்டில் கலந்தவை யார் யாருக்குப் போயின என்ற பட்டியல். ஃபிரேமிங்ஹாம் ஊசி போட்டுக்கொண்ட சுமார் 14,000 பேரையும் தேடிப் பிடித்து எச்சரிக்க வேண்டியிருந்தது. மூன்று பேட்ச் எண்களும், ஒவ்வொரு கிளினிக்கும் வாங்கிய கணக்கும் இருந்ததால்தான் அது நடந்தது. உங்கள் அறையில் இது நடக்குமா என்று முதல் வாரத்திலேயே சோதித்துப் பாருங்கள். சென்ற மாதம் கலந்த ஏதாவது ஒரு பையை எடுத்து, அதற்குள் போன ஒவ்வொரு வயலின் பேட்ச் எண், கலந்தவர், சரிபார்த்தவர், ஏற்றிய நோயாளி, நேரம் எல்லாவற்றையும் பதிவேட்டிலிருந்து மட்டும் கண்டுபிடிக்க முயலுங்கள். ஒரு மணி நேரத்தில் கிடைக்கவில்லையென்றால், எந்தக் கட்டத்தில் தடம் அறுந்தது என்று எழுதித் தலைமை பார்மசிஸ்டிடம் கொடுங்கள்.